புது மாடல் வந்துவிட்டது: கையிலிருக்கும் போனை மாற்றுவதா, ஓட்டுவதா?

ரியல்மி 1 வந்தது 2018 மே மாதம். ரியல்மி 2 அதே ஆண்டு ஆகஸ்டில். 2019 மார்ச்சில் 3, ஆகஸ்டில் 5, 2020 மார்ச்சில் 6, செப்டம்பரில் 7. இரண்டு ஆண்டு நான்கு மாதத்துக்குள் ஆறு மாடல்கள். நடுவில் 4 என்ற எண்ணே இல்லை. சீன மொழியில் நான்குக்கும் சாவுக்கும் ஏறக்குறைய ஒரே ஒலி என்பதால் அந்த எண்ணைத் தாண்டிவிட்டார்கள். ஒன்பிளஸும் 3டி (3T) மாடலுக்குப் பிறகு நேரே 5-க்குப் போனது. பெட்டியின் மேலே இருக்கும் எண் எந்த அளவுக்குத் தொழில்நுட்பம், எந்த அளவுக்கு வியாபாரம் என்பதற்கு இதுவே போதும்.

எனவே எண்ணை விட்டுவிடுங்கள். போனை மாற்றலாமா என்று முடிவு செய்ய ஒரு கணக்கு போதும்: இந்தப் போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் இன்னும் எத்தனை மாதம் வரும், அதுவரை அதை ஓட்ட எத்தனை ரூபாய் ஆகும். ரூபாயை மாதத்தால் வகுத்தால் வருவது மாதச் செலவு. பழைய போனுக்கு ஒன்று, வாங்க நினைக்கும் போனுக்கு ஒன்று என்று இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், விளம்பரம் சொல்வது பெரும்பாலும் அடங்கிவிடும்.

அப்டேட் தேதியை முதலில் கண்டுபிடியுங்கள்

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபவுட் போன், ஆண்ட்ராய்டு வெர்ஷன் என்று போனால் 'செக்யூரிட்டி அப்டேட்' என்று ஒரு தேதி இருக்கும். சில கம்பெனிகள் இதைச் 'செக்யூரிட்டி அண்ட் பிரைவசி' என்ற தலைப்பின் கீழ் வைத்திருப்பார்கள். அந்தத் தேதி இரண்டு மூன்று மாதத்துக்குள் இருந்தால் போன் உயிரோடு இருக்கிறது. ஆறு மாதம் பழையது என்றால் கம்பெனி அதை மெல்லக் கைவிடத் தொடங்கியிருக்கலாம். ஒரு வருடத்துக்கு மேல் என்றால் அநேகமாகக் கைவிட்டுவிட்டது.

ஆண்ட்ராய்டு வெர்ஷன் எண்ணையும் இந்தத் தேதியையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வெர்ஷன் என்பது 13, 14, 15 என்று ஏறும் பெரிய மாற்றம். புது வசதிகள் வரும், போனின் முகம் மாறும். பேட்ச், அதாவது அந்தப் பாதுகாப்பு அப்டேட், மென்பொருளில் இருக்கும் ஓட்டையை அடைப்பது. புது வெர்ஷன் வராமல் போனால் பெரிய நட்டமில்லை. பேட்ச் நின்றால்தான் கவலைப்பட வேண்டும், அதுவும் அந்தப் போனில் வங்கி ஆப்பும் யூபிஐயும் இருந்தால். சாம்சங்கில் பேட்ச் மாதாமாதம் வரும் மாடல்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருபவை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருபவை என்று பட்டியலையே தன் மொபைல் பாதுகாப்புத் தளத்தில் போட்டிருக்கிறார்கள். உங்கள் மாடல் மாதப் பட்டியலிலிருந்து ஆறு மாதப் பட்டியலுக்கு இறங்கியிருந்தால் முடிவு நெருங்குகிறது என்று பொருள்.

எத்தனை வருடம் என்பது மாடலுக்கு மாடல் வேறு. 2023 அக்டோபரில் வந்த கூகுள் பிக்சல் 8-க்கும் 2024 ஜனவரியில் அறிவித்த கேலக்சி எஸ்24-க்கும் 7 ஆண்டு. அதற்கு முந்தைய எஸ்23-க்கு 5 ஆண்டுப் பேட்ச்தான். விலை குறைந்த போன் என்றால் அப்டேட்டும் குறைவு என்ற பழைய விதி இப்போது முழுதாகப் பொருந்தாது. 2024 இறுதியில் வந்த கேலக்சி ஏ16 5ஜி-க்கு 6 ஆண்டு என்று அறிவித்தார்கள். அதே விலைக்குப் பக்கத்தில் விற்கும் வேறு பல போன்களுக்கு 3 அல்லது 4 ஆண்டுதான். ஐபோனில் ஆண்டுக் கணக்கைப் பெட்டியில் அச்சடிப்பதில்லை, ஆனால் பழைய நடப்பைப் பார்க்கலாம்: 2015-இல் வந்த ஐபோன் 6எஸ் 2021-இன் ஐஓஎஸ் 15 வரை வந்தது, 2018-இன் எக்ஸ்எஸ் 2024-இன் ஐஓஎஸ் 18 வரை வந்து, அடுத்ததில் விடுபட்டது.

ஏன் கம்பெனிகள் பாதியில் விடுகின்றன? பாதிக் காரணம் போன் கம்பெனி. மீதிப் பாதி சிப் கம்பெனி. சிப்புக்கான டிரைவர் மென்பொருளை குவால்காமோ மீடியாடெக்கோ புதுப்பித்துத் தரவில்லை என்றால் போன் கம்பெனி தனியாக இழுத்துச் செல்வது சிரமம், செலவும் அதிகம். 2020 டிசம்பரில் கூகுளும் குவால்காமும் சேர்ந்து ஸ்னாப்டிராகன் 888 முதல் 4 ஆண்டுப் பேட்ச் ஆதரவு தருவதாக அறிவித்தன. 2025 பிப்ரவரியில் ஸ்னாப்டிராகன் 8 எலீட் முதல் அதை 8 ஆண்டு வரை நீட்டின. இது போன் கம்பெனி கொடுக்கக்கூடிய உச்சம் மட்டுமே. கொடுப்பார்களா என்பது மாடலைப் பொறுத்தது.

இங்கேதான் பெரும்பாலானோர் ஏமாறும் இடம் இருக்கிறது. அந்த 4 ஆண்டு, 7 ஆண்டு எல்லாம் போன் முதன்முதலில் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. 3 ஆண்டுப் பேட்ச் கொண்ட ஒரு போன் வந்து 20 மாதம் கழித்துத் தள்ளுபடியில் 14,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வையுங்கள். மிச்சம் 16 மாதம். மாதத்துக்கு 875 ரூபாய். பக்கத்துக் கடையில் போன வாரம் வந்த, 4 ஆண்டுப் பேட்ச் கொண்ட போன் 17,000 ரூபாய். மாதத்துக்கு 354. ஆறு ஆண்டு தருவது 19,000 என்றால் 264. தள்ளுபடியில் வாங்கியதுதான் மூன்றிலும் விலை உயர்ந்த போன்.

பழைய போனுக்கும் இதே கணக்கு. பேட்டரி மாற்ற 2,000 ரூபாய் ஆகும், பேட்ச் இன்னும் 18 மாதம் வரும் என்றால் மாதம் 111 ரூபாய். எந்தப் புதுப் போனும் இதை நெருங்க முடியாது. ஆனால் பேட்டரியோடு டிஸ்பிளேயும் போய்விட்டது, மொத்தம் 7,000 ஆகும், பேட்ச் இன்னும் 10 மாதம்தான் என்றால் மாதம் 700. அங்கே நிறுத்திவிட வேண்டும்.

பேட்ச் நின்ற மறுநாளே போன் வெடித்துவிடாது. வாட்ஸ்அப் போன்ற ஆப்கள் பேட்ச் நின்ற பிறகும் பல ஆண்டுகள் ஓடும். ஆண்ட்ராய்டு கிட்காட்டை வாட்ஸ்அப் கைவிட்டது 2025 ஜனவரியில், அது 2013-இன் வெர்ஷன். பேட்ச் நின்ற போனில் பாட்டுக் கேட்கலாம், வீட்டு வைஃபையில் படம் பார்க்கலாம், வாசலைப் பார்க்கும் கேமராவாக மாட்டி வைக்கலாம். பண விஷயத்தை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

போன் மெதுவாகிவிட்டதா, பேட்டரி தளர்ந்துவிட்டதா?

'புது மாடல் வந்ததும் பழையதை வேண்டுமென்றே மெதுவாக்குகிறார்கள்' என்ற பேச்சு சும்மா வந்ததில்லை. 2017 டிசம்பரில் ஆப்பிள், பேட்டரி தளர்ந்த ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைப்பதாக ஒப்புக்கொண்டது. திடீரென்று போன் அணைந்துவிடாமல் காக்கத்தான் அப்படிச் செய்ததாக விளக்கம். சொல்லாமல் செய்ததற்காகப் பிரான்ஸ் 2020-இல் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் போட்டது. இத்தாலி 2018-இலேயே ஆப்பிளுக்கு 1 கோடி, சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ. இந்தச் சண்டையில் பலர் கவனிக்காமல் விட்ட விஷயம்: பேட்டரியை மாற்றியவர்களுக்குப் பழைய வேகம் திரும்பி வந்தது.

லித்தியம் அயான் பேட்டரி தேய்வது இயல்பு. ஐபோன் 14 வரையிலான மாடல்களுக்கு 500 முழுச் சுற்றில் 80 விழுக்காடு கொள்ளளவு மிஞ்சும்படி வடிவமைத்ததாக ஆப்பிள் சொல்கிறது. ஐபோன் 15 முதல் 1,000 சுற்று. 100-லிருந்து 50 வரை இன்று, மறுபடி 100-லிருந்து 50 வரை நாளை என்றால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சுற்று. தினமும் ஒரு முழு சார்ஜ் தீர்ப்பவருக்கு 500 சுற்று என்பது ஒன்றரை ஆண்டுக்குக் கீழ்.

ஐபோனில் பேட்டரி ஹெல்த் என்ற இடத்தில் நேரடியாக விழுக்காடு தெரியும். சாம்சங்கில் சாம்சங் மெம்பர்ஸ் ஆப்பின் டயக்னாஸ்டிக்ஸ் 'நன்று', 'பலவீனம்' என்ற அளவில் சொல்லும். மற்ற ஆண்ட்ராய்டுகளில் அக்கியூபேட்டரி போன்ற ஆப்பை இரண்டு வாரம் ஓடவிட்டு, பல சார்ஜ்களுக்குப் பிறகு வரும் மில்லி ஆம்பியர்-மணி மதிப்பீட்டைப் போனின் அசல் அளவோடு ஒப்பிடுங்கள். முதல் நாள் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். 80-க்குக் கீழே போயிருந்தால், 30 விழுக்காட்டில் போன் பட்டென்று அணைகிறது என்றால், கேமராவைத் திறந்ததும் திக்குகிறது என்றால், மாற்ற வேண்டியது பேட்டரி.

பேட்டரி மாற்றும்போது

முதலில் பேக்கப். பிறகு போனை 25 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கிவிட்டுக் கடைக்குக் கொண்டு போங்கள். பிரிக்கும்போது தவறிக் குத்திவிட்டால் முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி பற்றிக்கொள்ளும் ஆபத்து அதிகம்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் அந்த மாடலுக்கு பேட்டரி இன்னும் கிடைக்கிறதா என்று போனில் கேட்டு, கூலியோடு சேர்த்து விலையையும் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே கிடைக்கும்வரை வெளியே போக வேண்டியதில்லை. கிடைக்காத பழைய மாடல் என்றால்தான் சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடத்துக் கடைகள். வெளியே மாற்றும்போது பேட்டரியின் மேல் அச்சடித்திருக்கும் குறியீட்டைப் பாருங்கள். சாம்சங் என்றால் ஈபி என்று தொடங்கும், ஷாவ்மி, ரெட்மி என்றால் பெரும்பாலும் பிஎன், ஓப்போ, ரியல்மி என்றால் பிஎல்பி. இணையத்தில் உங்கள் மாடலுக்குரிய குறியீட்டை முன்னாலேயே பார்த்து எழுதி வைத்துக்கொண்டு போனால், கடைக்காரர் எதிரில் தேட வேண்டியிருக்காது. அசல் 5,000 மில்லி ஆம்பியர்-மணி என்றால் அதே அளவுப் பெட்டிக்குள் 6,500 என்று அச்சடித்த பேட்டரியை வாங்காதீர்கள். அந்த இடத்தில் அவ்வளவு அடங்காது. அச்சு மட்டுமே பெரிது.

பழைய பேட்டரியை நெம்பியெடுக்கும் விதத்தைக் கவனியுங்கள். பசைப் பட்டையைப் பக்கவாட்டில் மெல்ல இழுத்தோ, பசையை இளக்கியோ எடுப்பவர் தெரிந்தவர். உலோகத் தகட்டை அடியில் விட்டு நெம்புபவரிடம் போனைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். பின்மூடியை ஒட்டப் புதிய பசை போட்டாரா என்றும் கேளுங்கள். போட்டிருந்தாலும் ஐபி67, ஐபி68 என்ற நீர்க்காப்பு இனி அந்தப் போனுக்கு இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். மழையில் பையில்தான் இருக்க வேண்டும். ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் வெளிக்கடையில் மாற்றினால் 'பேட்டரியைச் சரிபார்க்க முடியவில்லை' என்று ஓர் அறிவிப்பு வரலாம், ஹெல்த் விழுக்காடும் தெரியாமல் போகலாம். போன் ஓடும், ஆனால் பிறகு விற்கும்போது விலை குறையும்.

மாற்றிய பிறகு ஒருமுறை 100 வரை ஏற்றி, 15-க்குக் கீழே இறக்கி, மறுபடி ஏற்றினால் விழுக்காட்டுக் காட்டி சரியாகும். இதைத் தினமும் செய்ய வேண்டாம், ஒருமுறை போதும்.

பேட்டரி உப்பிவிட்டால் பேச்சே வேறு. பின்மூடி வளைகிறது, டிஸ்பிளே ஓரமாகத் தூக்குகிறது என்றால் அன்றைக்கே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அழுத்தி மூடிப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்திக் 'காற்றை' எடுக்காதீர்கள். அது காற்றில்லை, தீப்பிடிக்கும் வாயு. குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது.

பேட்டரியைக் கொல்வது வெப்பம். காரின் முன்கண்ணாடியில் மாட்டி, மேலே வெயில், உள்ளே மேப் ஓடிக்கொண்டிருக்க, கீழே வேகச் சார்ஜர் போட்டிருப்பது சித்திரை வெயிலில் அதற்குக் கொடுக்கக்கூடிய மிகக் கெட்ட தண்டனை. ஏசி காற்று வரும் துளைக்கு முன்னால் மாட்டுங்கள். இரவு முழுக்கச் சார்ஜ் போட்டாக வேண்டும் என்றால் 80-இல் நிறுத்தும் வசதி இப்போது பல போன்களில் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். பயன்படுத்தாத போனைப் பெட்டிக்குள் வைக்கும்போது பாதிச் சார்ஜில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். காலியாக வைத்தால் பிறகு எழுந்திருக்காது.

பேட்டரி நன்றாக இருந்தும் போன் இழுக்கிறது என்றால் ஸ்டோரேஜைப் பாருங்கள். 10 முதல் 15 விழுக்காடு இடம் காலியாக இல்லாவிட்டால் ஃபிளாஷ் மெமரி எழுதும் வேகம் விழுந்துவிடும். வாட்ஸ்அப்பின் மேனேஜ் ஸ்டோரேஜ் பக்கத்தில் 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகள் தனியாக நிற்கும். காலை வணக்க வீடியோக்கள் மட்டும் சில ஜிபி இருக்கும். அதுவும் போதவில்லை என்றால் பேக்கப் எடுத்துவிட்டு ஒரு ஃபேக்டரி ரீசெட்.

புது மாடல் உண்மையில் புதிதா?

பேட்சும் முடிந்தது, பழுதும் கட்டுப்படியாகாது என்று முடிவுக்கு வந்த பிறகுதான் இந்தப் பகுதி. முதலில் சிப்பின் பெயர். மீடியாடெக் டைமென்சிட்டி 6020 என்பது பழைய டைமென்சிட்டி 700-க்கு வைத்த புதுப் பெயர். 6080 என்பது 810. 7050 என்பது 1080. எண் ஏறியிருக்கிறது, உள்ளே இருப்பது அதேதான். எனவே புதுப் போனின் சிப் பெயரைத் தேடும்போது 'இது எதன் மறுபெயர்' என்று ஒருமுறை தேடிவிடுங்கள். ரெட்மி நோட் 12 4ஜி-யிலும், வெளிநாட்டில் விற்ற நோட் 13 4ஜி-யிலும் ஒரே ஸ்னாப்டிராகன் 685. இது பட்ஜெட் போனுக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல: 2022-இன் ஐபோன் 14-இல் இருந்தது 2021-இன் ஐபோன் 13 வரிசையில் வந்த அதே ஏ15 சிப்தான்.

ஒரே போன் இரண்டு பெயரிலும் வரும். 2020-இல் இந்தியாவில் போகோ எக்ஸ்2 என்று விற்றது சீனாவில் ரெட்மி கே30. அதில் தவறொன்றுமில்லை, ஆனால் இரண்டில் எது நம் சந்தைக்கு உரியதோ அதற்குத்தான் இங்கே அப்டேட்டும் உதிரிபாகமும் ஒழுங்காக வரும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் கொண்டுவரும் போனுக்கும் இது பொருந்தும்.

அடுத்து ஸ்டோரேஜ் வகை. விலை குறைந்த போனில் இஎம்எம்சி 5.1 இருக்கிறதா, யூஎஃப்எஸ் 2.2 இருக்கிறதா என்று விவரக் குறிப்பின் அடியில் பாருங்கள். முதலாவது புதிதில் ஓடும், ஓராண்டில் ஆப்கள் திறக்கத் தடுமாறும். 'ராம் 16 ஜிபி வரை' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 8 உண்மை, 8 ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கும் விர்ச்சுவல் ராம். கடன் பகுதியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கேமராவில் 108 மெகாபிக்சல் என்றால் ஒன்பது பிக்சலைச் சேர்த்து ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படமாகத்தான் வழக்கமாகத் தரும். 50 என்றால் நான்கைச் சேர்த்து 12.5. பின்னால் இருக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோ, டெப்த் லென்ஸ்கள் எண்ணிக்கை காட்ட ஒட்டியவை. ஒரு மெயின் கேமராவில் கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஓஐஎஸ் இருப்பது, இந்த இரண்டு குட்டி லென்ஸை விடப் பயன் தரும்.

5ஜி-க்கு என்28, என்78 என்ற இரண்டு அலைவரிசைப் பேண்டும் இருக்கின்றனவா, 4ஜி-யைச் சாராமல் தனியே இயங்கும் ஸ்டாண்டலோன் 5ஜி-க்கு ஆதரவு உண்டா என்று பாருங்கள். ஜியோ ஸ்டாண்டலோன் முறையில்தான் நடத்துகிறது. 2023-க்குப் பிறகு இந்தியாவுக்கென்று வந்த போன்களில் இது பெரும்பாலும் இருக்கும்.

சார்ஜர் பெட்டியில் இருக்கிறதா என்பதை மறந்துவிடாதீர்கள். 67 வாட், 80 வாட் எல்லாம் அந்தக் கம்பெனியின் சொந்தச் சார்ஜரும் கேபிளும் இருந்தால்தான். வேறு சார்ஜரில் அதே போன் பாதி வேகத்துக்கும் கீழே இறங்கிவிடும். சார்ஜர் இல்லாத பெட்டி என்றால் அதன் விலையையும் மாதக் கணக்கில் சேருங்கள்.

எப்போது வாங்குவது

சாம்சங் எஸ் வரிசை ஜனவரி அல்லது பிப்ரவரி, ஏ வரிசையின் நடுத்தர மாடல்கள் மார்ச்சையொட்டி, மடிக்கும் போன்கள் ஜூலை, ஆகஸ்ட், ஐபோன் செப்டம்பர். 12 வரிசை மட்டும் கொரோனா ஆண்டில் அக்டோபருக்குத் தள்ளிப்போனது. இதைச் சுவரில் எழுதி வைத்தால் போதும், வதந்திகளைப் பின்தொடர வேண்டியதில்லை.

ஐபோனில் விலை இறங்குவது ஒழுங்காக நடக்கும். ஐபோன் 13, 14, 15, 16 நான்கும் இந்தியாவில் 79,900 ரூபாய்க்கு வந்தவை. அடுத்தது வந்த அன்று 10,000 குறைந்து 69,900 ஆனது. அதையொட்டியே தீபாவளிக்கு முந்தைய பிளிப்கார்ட், அமேசான் விற்பனைகள் வரும். எனவே ஓராண்டு பழைய ஐபோனுக்குச் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் வரை நல்ல நேரம். ஆகஸ்டில் வாங்குவதைப் போல மோசமான நேரமில்லை. அப்டேட் ஆறேழு ஆண்டு வருவதால் ஓராண்டு இழப்பு அங்கே பெரிதல்ல. ஆண்ட்ராய்டில் நிலைமை வேறு: விலை மூன்று நான்கு மாதத்திலேயே இறங்கும், அதற்குமேல் காத்திருந்தால் சேமிப்பதைவிடப் பேட்ச் காலத்தை இழப்பது அதிகம். வந்த நாளில் முன்பதிவு செய்யாதீர்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் வாங்குங்கள். அதற்குள் சூடாகிறது, டிஸ்பிளேயில் பச்சைக்கோடு விழுகிறது என்ற குறைகளும் வெளியே வந்துவிடும்.

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்றால் வட்டியைத் தள்ளுபடியாகக் கழிக்கிறார்கள், ஆனால் வங்கி வசூலிக்கும் வட்டிக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி தனியாக வரும். பல வங்கிகள் பிராசசிங் கட்டணமும் போடும். பில் பக்கத்தில் கடைசியாக வரும் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள். எக்ஸ்சேஞ்சில் இணையத்தில் காட்டும் விலை உச்ச விலை. வீட்டுக்கு வருபவர் சோதிக்கும்போது கண்ணாடிக் கீறலுக்கும் டிஸ்பிளே புள்ளிக்கும் குறைப்பார், அல்லது ரத்து செய்வார். எக்ஸ்சேஞ்ச் போனஸ் பெரிதாக இருக்கும்போது கொடுங்கள், இல்லாவிட்டால் நேரில் விற்பது லாபம்.

பழைய போனைக் கை மாற்றும் வரிசை

இதில் வரிசை முக்கியம். முன்னதைச் செய்யாமல் பின்னதைச் செய்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

1. புதுப் போன் கையில் வந்த பிறகு தொடங்குங்கள். இரண்டு போனும் அருகருகே இருக்கும்போது வாட்ஸ்அப்பின் டிரான்ஸ்ஃபர் சாட்ஸ் மூலம் கியூஆர் காட்டி நேரடியாக மாற்றலாம். கூகுள் டிரைவ் பேக்கப் இப்போது உங்கள் 15 ஜிபி இலவச இடத்தில்தான் சேரும். இடம் தீர்ந்திருந்தால் பேக்கப் நின்று போயிருக்கும், கவனியுங்கள்.

2. லாகின் செய்யக் குறியீட்டு எண் தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப் வைத்திருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். பெரும்பாலானோர் மறப்பது இதைத்தான். ரீசெட் செய்த பிறகு நினைவுக்கு வந்தால் ஒவ்வொரு கணக்காகப் போராட வேண்டும். இ-சிம் என்றால் அதுவும் இப்போதே.

3. வங்கிக் கணக்கில் பதிவான சிம்மைப் புதுப் போனில் போட்டு யூபிஐயைப் பதிவு செய்யுங்கள். அது அந்த சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும், எனவே எஸ்எம்எஸ் போகும் பேலன்ஸ் இருக்க வேண்டும். முதல் நாள் அனுப்பும் தொகைக்கு வரம்பு குறைவாக இருக்கலாம்; அன்றைக்கே வாடகை கட்ட வேண்டியிருந்தால் முந்தின நாளே பழைய போனில் கட்டிவிடுங்கள்.

4. பழைய போனில் வங்கி ஆப்களிலிருந்து வெளியேறி, கூகுள் கணக்கை நீக்குங்கள். ஐபோன் என்றால் ஃபைண்ட் மை-யை அணைத்து ஐகிளவுடிலிருந்து வெளியே வாருங்கள். இதைச் செய்யாமல் ரெகவரி வழியாக ரீசெட் போட்டால், போன் உங்கள் பாஸ்வேர்டையே மறுபடி கேட்கும். வாங்கியவர் இரவு பத்து மணிக்கு உங்களைக் கூப்பிடுவார்.

5. இப்போது செட்டிங்ஸ் வழியாக ஃபேக்டரி ரீசெட். சிம், மெமரி கார்டு இரண்டையும் எடுத்துவிட்டீர்களா என்று தட்டை இழுத்துப் பாருங்கள்.

6. *#06# அழுத்தி, போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் குறித்துக்கொண்டு, வாங்குபவரின் பெயர், தேதி, தொகையோடு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்தப் போன் நாளை எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

நீங்களே செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்கள் என்றால் ஆறாவதிலிருந்து தொடங்குங்கள். *#06#-இல் வரும் எண், பெட்டியில் உள்ளது, செட்டிங்ஸில் உள்ளது மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்க எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த எண் எந்த மாடலுக்குரியது, முடக்கப்பட்டதா என்று பதில் வரும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். பதில் வரும்வரை பணத்தை எடுக்காதீர்கள். பிறகு டிஸ்பிளேயை முழு வெள்ளையில் வைத்துக் கறை இருக்கிறதா என்று பாருங்கள், ஓரத்தை விரலால் தடவி இடைவெளி தட்டுகிறதா என்று பாருங்கள். தட்டினால் காம்போ (டிஸ்பிளேயும் டச்சும் சேர்ந்த பாகம்) மாற்றிய போன். காப்பி டிஸ்பிளேயா அசலா என்று வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தால் தெரிந்துவிடும், காப்பி வெளுத்துவிடும். கடைசியாக, செட்டிங்ஸுக்குள் போய் அந்தச் செக்யூரிட்டி அப்டேட் தேதியைப் பாருங்கள். விற்பவர் கேட்கும் விலையை, அந்த மாடலுக்குப் பேட்ச் இன்னும் வர மிஞ்சியிருக்கும் மாதங்களால் அங்கேயே, அவர் எதிரிலேயே வகுத்துக் காட்டலாம். பேரத்துக்கு அது நன்றாக உதவும்.